ஆமாம் என்றால் ஜன்னல் பக்கம்

இரவு வேலை முடிந்து, தூங்காமல் நேரே விளையாட்டுக் கூடத்துக்குப் போனேன். தங்கை வரச் சொல்லியிருந்தாள். கால்பந்துக் குழுவை விட்டு விலகுவதை எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறாளாம். முன்பு இதையே கோச்சிடம் தனியாகச் சொன்ன ஒருத்தி மறுவாரமே மாடிப்படியில் உருண்டாள். முட்டி போனது. தள்ளியது யார் என்று இன்றுவரை அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்த விளையாட்டால் தெருவுக்கு என்ன நன்மை என்று மதிப்பிட மேடம் ஒருவர் வந்திருந்தார். அவர் கேள்வி கேட்பார். ஆமாம் என்றால் ஜன்னல் பக்கம் நிற்க வேண்டும், இல்லை என்றால் கதவுப் பக்கம். பேசக் கூச்சப்படுபவர்களும் பதில் சொல்லலாம் என்பது அவர் யோசனை. கதவில் சாய்ந்து கோச் நின்றதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தெருவுல சண்டை குறைஞ்சிருக்கா?"

மொத்தக் கூட்டமும் ஜன்னலுக்கு நகர்ந்தது. பொய்யில்லை. கோச் கூடவே கூட்டிக்கொண்டு திரியும் பையன்களைத் தவிர இப்போது யாரும் கை ஓங்குவதில்லை.

"மெதுவாப்பா, ஜன்னல் பேந்து விழப் போகுது" என்றார் கறிக்கடைக்காரர். எல்லாரும் கோச்சைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

"பிள்ளைங்க விருப்பப்பட்டா விலகிக்கலாமா?"

யாரும் அசையவில்லை. தங்கை மட்டும் கதவை நோக்கி நடந்தாள்.

"அடியே, எங்கடி போற?" ஜன்னல் பக்கமிருந்து அம்மா பல்லைக் கடித்தாள்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "சூப்பர்மா! ஏன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"விலகணும் மேடம். இவரு விட மாட்டேங்கிறாரு."

கோச் அவள் தோளில் கை போட்டான். "எங்க கோல்கீப்பர், மேடம். இவ இல்லாம டீம் ஏது? செல்லக் கோபம்."

"பாசம் அதிகம்தான் போல" என்று மேடமும் சிரித்தார். அவளை அதே இடத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். நன்றி சொன்னார், கிளம்பினார்.

கோச் கதவைச் சாத்தினான். "யாரும் போகாதீங்க. புள்ளைக்கு என்ன குறைன்னு குடும்பமா உக்காந்து பேசிருவோம்."

அவன் பையன்களில் இரண்டு பேர் அவளுக்கு இரு பக்கமும் வந்து நின்றார்கள். நான் கூடத்தைக் கடந்து அவர்களுக்கு நடுவில் புகுந்தேன்.

"நீ எதுக்குண்ணா நடுவுல வந்த?" என்று தங்கை கிசுகிசுத்தாள்.

"தூக்கம் வரல."

ஜன்னல் பக்கம் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வெளியே மேடத்தின் கார் கிளம்பியது. அந்தச் சத்தம் தெருமுனை தாண்டி ஓயும்வரை கோச் பொறுமையாகக் காத்திருந்தான்.