நாலு கைப்பிடிப் பை

எங்கள் மருமகன் கேரத் காய்ச்சிய முதல் பீரை ஒரு வாய் குடித்ததும் நெவில் முகத்தைச் சுளித்தான்.

"இது பீரா, கழுநீரா?"

கேரத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கோ எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. என் புருஷன் ஒரு விஷயத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ வாய்திறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கூரையோர மழைநீர்த் தகரத்தில் அடைத்திருந்த இலைகளை அள்ள ஏணியில் ஏறியவன் விழுந்தான். இடது தோளை இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். கை இருக்கிறது. மார்புக்கு மேலே எழும்பாது, கனம் தாங்காது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். மீன் பிடிக்கப் போன இடத்தில் யாரோ "தூண்டிலை நான் வீசித் தரட்டுமா?" என்று கேட்டார்கள். அதோடு மீன்பிடிப்பை விட்டான். கிளப்பில் பந்து உருட்டும்போது ஒருவர் இவனுக்காகக் குனிந்து பந்தை எடுத்துக் கொடுத்தார். அதோடு கிளப்பை விட்டான். தான் பீர் காய்ச்சுகிற சாமான்களை யாரும் கேட்காமலேயே கேரத்தின் வண்டியில் ஏற்றிவிட்டான். சாயங்காலங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து மெல்பர்னுக்குப் போகிற கப்பல் எங்கள் ஊர் ஆற்றுமுகத்தைவிட்டுக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த மனுஷன் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துக்கொண்டே போகிறான், கடைசியில் என்னையும் கழற்றி வைத்துவிடுவான் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதனால் அந்தக் கழுநீர் நாளுக்கு மறுநாளே பீர் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரி பெர்னடெட்டுக்குக் கழுத்துவரை பச்சை குத்தல், குரல் மட்டும் தாலாட்டுப் பாடுகிற குரல்.

"பையில காய்ச்சறதுக்கா கண்ணு? யாருக்கு?"

"புருஷனுக்கு. ஒரு கைதான் வேலை செய்யும்."

பையில் காய்ச்சுவது பெரிய வித்தை இல்லை. முளைகட்டி உலர்த்தி நொறுக்கிய பார்லியைத் துணிப்பையில் கொட்டி, அண்டாவில் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு பையைத் தூக்கி, வடியவிட்டு, பிழிந்து, கீழே நிற்கிற சாறைக் கொதிக்கவிட வேண்டும். பெரிய அளவில் டீ பேக், அவ்வளவே. ஆனால் ஊறின பை ஒரு வயதுக் குழந்தையின் கனம் கனக்கும். சுடும், சொட்டும், பிடிக்கு அடங்காது.

பெர்னடெட் ஒரு சின்னப் பானையைக் காட்டினாள். "இது சமையல் அடுப்பு மேலயே நிக்கும். பையை ஒத்தக் கையால தூக்கிடலாம். பத்துப் பதினஞ்சு பாட்டில்தான் வரும், ஆனா நிம்மதி."

"சூப் வைக்கவான்னு கேப்பான்."

"அப்ப இந்த மின்சார மெஷின். சூடு தானா நிக்கும். உள்கூடைய மட்டும் தூக்கி மாட்டணும்."

"அதுக்கும் தூக்கணும் இல்ல?"

"அதுக்குத்தான் இருக்கே." உத்தரத்தில் தொங்கிய கப்பியைக் காட்டினாள். "பெரிய அண்டா, மேல கப்பி. கயித்தை ஒத்தக் கையால இழுத்துக் கட்டிட்டா பை தன்பாட்டுக்கு வடியும். யார் தயவும் வேணாம்."

எனக்கு அந்தக் கப்பி பிடித்திருந்தது. கையை நீட்டிக்கூட விட்டேன். அப்போதுதான் அந்தக் கடைசி வார்த்தை உறைத்தது. யார் தயவும் வேண்டாம். கார் நிறுத்துகிற கொட்டகையில் தன்னந்தனியாக நின்று கயிறு இழுக்கிற நெவில் கண்ணில் தெரிந்தான். ஜன்னலோரத்துக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

"கப்பி வேணாம்," என்றேன். "பெரிய அண்டா குடு. ரெண்டு பேர் இல்லாம தூக்க முடியாத பை ஏதாவது இருக்கா?"

பெர்னடெட் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்க வர்றவங்க எல்லாம் ஆள் துணையில்லாம செய்ய வழி கேட்டு வர்றாங்க. நீ தலைகீழா கேக்கற."

"இருக்கா, இல்லையா?"

நாலு பக்கமும் கைப்பிடி தைத்த பை ஒன்றை எடுத்துப் போட்டாள். நெருப்பில் துணி கருகாமலிருக்க அண்டாவின் அடியில் வைக்கிற ஓட்டைத் தட்டையும் சேர்த்தாள். "உன் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தா என்னை இழுக்காத, கண்ணு."

வண்டி ஓட்டி வரும்போதே மனசு குடைந்தது. உதவி கேட்க வைப்பதற்காக ஒருவனுக்குப் பொறி வைக்கலாமா? வைக்கலாம் என்று முடிவு செய்துகொண்டேன். நான் ஒன்றும் சாது இல்லை.

அண்டாவைப் பார்த்ததும் நெவில், "பன்னி குளிப்பாட்டவா வாங்கின?" என்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு போனது அவன்தான். கேஸ் அடுப்பைப் பற்றவைத்தான், தண்ணீரில் சூடுமானியைப் போட்டான், பார்லியைக் கட்டிதட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி வலது கையால் கிளறினான். வேகவைத்த தானிய வாசனை தெருவரை போயிற்று. ரேடியோவில் ஃபுட்டி பந்தாட்ட வர்ணனை. நடுவரைப் பெயர் சொல்லித் திட்டினான். எனக்கு அழுகை வந்தது, திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஊறும் நேரம் முடிந்தது. வாயைத் திறக்கக் கூடாது, அவனாகக் கேட்கட்டும் என்று பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் தண்ணீர் சளக்கென்றது. பையை ஒரு கையால் பாதிவரை தூக்கிவிட்டு மறுபடி இறக்கிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவை பை ஒருபக்கம் சரிந்து, சுடுசாறு அவன் மணிக்கட்டில் தெறித்தது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன். அண்டா ஆறிக்கொண்டிருந்தது. அவன் குழாயில் கையைக் காட்டிவிட்டு வந்து அடுப்பருகே நின்றான்.

"கீழ ஊத்திடலாம்," என்றான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஊத்து! எல்லாத்தையும் ஊத்து! கடையில கப்பி இருந்துச்சு தெரியுமா? வேணும்னுதான் வாங்காம வந்தேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பையில நாலு கைப்பிடி. எனக்கு இருக்கறது ஒரு கை. எண்ணத் தெரியாதவனா நான்?"

"அப்ப ஏன்டா கிழவா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கற? நான் என்ன மூணாம் மனுஷியா?"

அவன் ரேடியோவை நிறுத்தினான்.

"நீ கேட்டியா?"

"நானா?"

"நான் விழுந்த நாள்லேருந்து இந்த வீட்ல என்னை ஏதாவது செய்யச் சொல்லிக் கேட்டிருக்கியா, நோலீன்? ஜாம் பாட்டில் மூடி திறக்கப் பக்கத்து வீட்டுக்குப் போற. விறகு நீயே தூக்கற. குப்பைத்தொட்டிய நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி தெருவுக்குத் தள்ளிடற. நான் ஜன்னல்கிட்ட உக்காராம வேற எங்க உக்கார்றது?"

அவனுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் செய்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தூண்டில் வீசித் தரட்டுமா என்று கேட்டவர்களையும், பந்தை எடுத்துக் கொடுத்தவரையும் மனசுக்குள் எத்தனை திட்டித் தீர்த்திருப்பேன்! அவர்களாவது ஒரு தடவை செய்தார்கள். நான் தினம் செய்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அடுப்பருகே போய் பையின் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தேன். ஆவி முகத்தில் அடித்தது.

"நெவில், இதை என்னால தனியாத் தூக்க முடியாது. வந்து பிடி."

அவன் அசையவில்லை. சும்மா சொல்கிறேனா என்று பார்க்கிறான் என்று தெரிந்தது. பார்க்கட்டும் என்று தூக்கினேன். பை விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வரவில்லை. அப்போது எதிர்ப்பக்கம் வந்து மற்ற இரண்டு கைப்பிடிகளையும் வலது கையில் சேர்த்துப் பிடித்தான்.

"இழுக்காத. சொன்னப்புறம் தூக்கு. ஆங், இப்ப."

பை எழுந்தது. பொன்னிறச் சாறு கயிறுபோல் அண்டாவில் இறங்கி, மெலிந்து, சொட்டுச் சொட்டாயிற்று. முழுதும் வடிவதற்கு நிறைய நேரம் பிடிக்கும் என்று அவன் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. என் பக்கம் பை தாழ ஆரம்பித்தது.

"முடியல, நெவில்."

"விட்டுடு, நான் இருக்கேன்," என்று சொல்லி, பாதி கனம் வடிந்துவிட்ட பையின் என் பக்கக் கைப்பிடிகளையும் சேர்த்துப் பிடித்து, பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டான்.