முழங்கால் பிளாஸ்திரி

"என்ன அசிங்கம் இது?"

நாத்தனார் சாப்பாட்டு மேசைமேல் ஓங்கி வைத்த மருந்துப் பெட்டியின் படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். சாதாரணச் சிரிப்புதான். ஆனால் ஐம்பதைத் தாண்டிய பெண் காரணமில்லாமல் சிரிப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை.

வீட்டுக்காரி தராசு ஆய்வாளர். கடைகடையாகப் போய்ச் சோதிப்பாள். சரியான தராசுக்கு முத்திரை, தப்பான தராசுக்குச் சிவப்பு அட்டை. அவள் தலையைக் கண்டாலே கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் எழுந்து நிற்பாள்.

மாதவிடாய் நின்றதிலிருந்து உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்டதுபோல் இருந்தது. இரண்டு வருடமாகச் சரியான தூக்கமில்லை. அந்தக் கலக்கத்தில், கிலோவுக்கு ஐம்பது கிராம் ஏமாற்றும் தராசுக்கு நல்ல முத்திரை வைத்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பழைய கோப்புகளுக்கு நடுவில்தான் நாற்காலி என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினாள். அவர் சோதனையெல்லாம் செய்துவிட்டு, குறைந்த ஹார்மோனை ஈடுகட்ட இடுப்பில் ஒட்டும் பிளாஸ்திரியும் கூடவே ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் அவள் விடியும்வரை தூங்கினாள். எழுந்தபோது அழுகையே வந்துவிட்டது.

இப்போது அதற்குத்தான் பஞ்சாயத்து.

"எனக்கும்தான் நின்னுச்சு. நான் என்ன பிளாஸ்திரியா ஒட்டிக்கிட்டேன்?" என்றாள் நாத்தனார், கழுத்தில் கிடந்த ஈரத்துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

"வயசானா வேர்க்கத்தான் செய்யும். அதுக்கு மருந்தா?" என்றார் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. அதற்கு மட்டும் நான்கு வகை மருந்து.

"ஏங்க, டாக்டரம்மா பாத்துத்தானே குடுத்தாங்க? என் ஆய்வு வேலை போயிடும்ங்க."

"டாக்டரம்மாவா உன்கூடக் குடும்பம் நடத்துறாங்க?"

மாத்திரைகள் குப்பைக்குப் போயின. பெட்டியில் சிரித்தவள் வளர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்று அவளையும் கணவர் கிழித்துப் போட்டார். உள்ளே இருந்த வெள்ளை உறைகளை மட்டும், விலை கொடுத்து வாங்கிய பொருளாயிற்றே என்று, தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அங்கேதான் அவருடைய முழங்கால் பிளாஸ்திரிகளும் இருந்தன. அவையும் வெள்ளை உறைதான். மூக்குக்கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று அவர் போடுவதில்லை.

அவளுக்கு அடுப்பு மறுபடி மூண்டது. ஒவ்வொரு தராசையும் மும்முறை சோதித்தாள். கடைக்காரர்கள் முனகினார்கள்.

மூன்று வாரம் கழித்து, கணவருக்கு மார்பில் சட்டை பட்டாலே வலித்தது. வீடு இரண்டுபட்டது. மகள் கல்லூரிக்கு லீவு போட்டாள். நாத்தனார் தன் கழுத்து ஈரத்துண்டையே எடுத்துத் தம்பி நெற்றியில் போட்டாள். "ராசா, உனக்கா இந்தச் சோதனை!" என்று மின்விசிறி ஓடும்போதே கையாலும் விசிறினாள். ஒரே நாளில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். இதயம் கல்லாட்டம் இருப்பதாக மூவரும் சொன்னார்கள். அதை வீட்டுக்காரி முன்னமே சொல்லியிருப்பாள்.

மூன்றாமவர்தான் கால்சட்டையை மேலே தூக்கச் சொன்னார். முழங்காலில் ஒன்றுக்கு நாலாக ஒட்டியிருந்தது.

"இது முழங்கால் வலிக்குங்க," என்றார் கணவர்.

டாக்டர் குனிந்து பிளாஸ்திரியில் இருந்த பெயரைப் படித்தார். நிமிர்ந்து வீட்டுக்காரியைப் பார்த்தார். "மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்குக் குடுக்கறதும்மா இது. அதான் மார்பு வலிக்குது. எடுத்துட்டா சரியாயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அவள் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும்," என்றார் கணவர், சோபாவில் தலையணைமேல் சாய்ந்து. "இந்த மூணு வாரமும் நல்லாத் தூங்கினேன்."

"பாவம், நல்ல மருந்தைப் போய் நிறுத்தச் சொல்லிட்டாரே," என்றாள் நாத்தனார்.

வீட்டுக்காரி எழுந்தாள். கணவரின் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, இழுப்பறையைத் திறந்து, மிச்சமிருந்த தன் உறைகளைப் பொறுக்கினாள். ஒன்றை அங்கேயே பிரித்து, எல்லோரும் பார்க்க, சேலையை விலக்கி இடுப்பில் ஒட்டிக்கொண்டாள். பிறகு அலுவலகப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து இழுப்பறைப் பிடியில் கட்டினாள்.

"என்ன இது?"

"ஒரே மருந்துக்கு ரெண்டு எடை போடுற எடம். சரியாகுற வரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது. நாளைக்கு நான் டாக்டரம்மாகிட்டப் போயி மாத்திரையும் வாங்கிட்டு வரேன்."

கணவர் மார்பைத் தடவிக்கொண்டார்.

அவள் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நாத்தனார் வந்து நின்றாள். ஈரத்துண்டு மறுபடி கழுத்துக்கு வந்திருந்தது.

"பதினோரு வருஷமாச்சு எனக்கு," என்றாள் மெதுவாக. "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பறே?"