ஆடு எந்தப் பக்கம் போகிறது

ஆறு வருஷமாக ஆம்பூரில் சர்தார் பாஷாவின் தோல் பதனிடும் டேனரியில் எனக்கு வேலை, கப்பலுக்குப் போகும் தோல் கட்டுகளின் மேல் மார்க் போடுவது. தகரத்தில் வெட்டிய எழுத்தை வைத்து மை தடவினால் முடிந்தது, மூளை தேவையில்லை. மிச்சமிருந்த மூளையைச் செலவழிக்க, ஓய்ந்த நேரத்தில் கரியால் சுவரில் ஆடும் மாடும் வரைந்து தொலைத்தேன். அதை முதலாளி பார்த்துத் தொலைத்தார்.

அவர் அப்போதுதான் கடைத்தெருவில் ஒரு ஷூ கடை திறந்திருந்தார். பட்டணத்து பயாஸ்கோப்பில், வரைந்த கெட்டில் ஒன்று தானாக நடந்து வந்து டீ ஊற்றியதைப் பார்த்திருக்கிறார்.

"ஆதி, நம்ம கடைக்கும் அந்த மாதிரி ஒண்ணு போடு. டூரிங் கொட்டகையில காட்டலாம். நல்லா வந்துச்சுன்னா, இனிமே படம் வரையறதுதான் உன் வேலை. கெட்டுப்போச்சுன்னா ஆயுசுக்கும் மார்க்குதான்."

அந்த மை வாசனையிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது எனக்கு. தலையாட்டிவிட்டேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது பிறகுதான் புரிந்தது. புரிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

படம் பிடிக்க வந்தவர் போட்டோ ஸ்டூடியோ முக்தார் அகமது. அவருக்கு சினிமாக் காமிரா புதிது, எனக்கு எல்லாமே புதிது. ஒரு நொடிக்கு எட்டுத் தாள் வேண்டும் என்றார். இருபது நொடிக்கு நூற்று அறுபது. ஆடு நடந்து வரும், தோலாக விரியும், தோல் சுருண்டு ஷூவாகும், ஷூவுக்குள் கால் முளைத்து ஒரு துரை எழுந்து நிற்பான், கடைசியில் கடையின் பெயர். கதை இவ்வளவுதான். வரைய உட்கார்ந்தால், ஆட்டுக்கு நாலு கால் இருப்பதே பெரிய தொல்லை. ஒரு கால் முன்னால் போகும்போது மற்ற மூன்றும் என்ன செய்யும்? டேனரிக்கு எதிரே மேய்ந்த ஆட்டின் பின்னாலேயே ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

எப்படியோ இரண்டு மாதத்தில் முடித்து, தாள்களை இடது ஓரத்தில் தைத்துப் புத்தகமாக்கினேன். மூலையில் போட்டிருந்த எண்கள் படத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து, எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

முக்தார் படம் பிடித்து, பட்டணத்தில் கழுவி வாங்கி, நேரே கொட்டகைக்குக் கொண்டுவந்தார். முன்வரிசையில் முதலாளி.

எடுத்தவுடனே கடையின் பெயர் வந்தது. கடைசியில் வரவேண்டியது அது. துரை கரைந்து ஷூவுக்குள் இறங்கினான். ஷூ அவிழ்ந்து தோலாயிற்று. தோல் எழுந்து ஆடாயிற்று. ஆடு பின்பக்கமாகவே நடந்து திரையை விட்டுப் போய்விட்டது.

கொட்டகையில் ஒரே சிரிப்பு, விசில். "இன்னொரு தபா போடு" என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. வெளியே முக்தாரைப் பிடித்தேன்.

"இன்னா பாய் பண்ணீங்க?"

"முதல் பக்கத்துலேர்ந்துதான் எடுத்தேன்" என்றார். புத்தகத்தை வாங்கி, உருதுப் புத்தகமான கிதாபைப் பிரிப்பதுபோல வலது பக்கத்திலிருந்து, என் கடைசித் தாளை முதலாக வைத்துப் பிரித்தார். "இதோ, கடை பேரு. கிதாபுல பேருதானே முதல்ல வரும்?"

அவரைத் திட்டுவதா, என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

மறுநாள் முதலாளி கடைக்குக் கூப்பிட்டார். வாசலில் கூட்டம். செத்த ஆடு எழுந்து போகும் கடை இதுதானா என்று கேட்டுக்கொண்டே ஷூவைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

"யார் யோசனை இது?" என்றார் முதலாளி.

என்னுடையது என்று வாய்வரை வந்தது. "யோசனை இல்ல மொதலாளி. தப்பா நடந்துபோச்சு."

முதலாளி வாசல் கூட்டத்தைப் பார்த்தார். "அதே தப்ப மறுபடியும் பண்ணத் தெரியுமா? அடுத்தது மாடு. தெரியும்னா, நாளைலேர்ந்து மார்க் வேணாம்."

"தெரியும்" என்றேன்.

சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து புதுத்தாளை எடுத்தபோதுதான் சந்தேகம் வந்தது. நான் நேராக வரைந்து முக்தார் தலைகீழாகப் பிரித்தால் சரி. பிரிப்பாரா? அவரிடமே ஓடினேன்.

"கவலப்படாத ஆதி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே உன் பக்கத்துலேர்ந்துதான் பிரிப்பேன். நேத்து ராத்திரி தூக்கமே இல்ல எனக்கு."

அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? திரும்பி வந்து மாட்டை வரைந்தேன். இந்த முறை எண்களை மையிலேயே எழுதிவிடுவது என்று முதல் தாளின் மூலையில் பேனாவை வைத்தேன். ஒன்றா, நூற்று அறுபதா?