முதலில் தகவல் சொல்ல வேண்டிய ஆள்

நேர்காணல் பதினொரு மணிக்கு. ஒன்பதுக்கே நான் சலவை வேட்டி கட்டித் தயாராகிவிட்டேன்.

என் மகள் தனப்பிரியா கால்நடை மருத்துவர். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமங்களில் கோழி வளர்ப்பு சொல்லிக்கொடுக்க, இரண்டு வருடம் தொண்டராகப் போவதற்கு விண்ணப்பித்திருந்தாள். தேர்வாகாவிட்டால் தை மாதம் ராசிபுரத்து மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கம்ப்யூட்டரில்தான் பேசுவார்கள் என்றாள். எதில் பேசினால் என்ன? பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் குடும்பத்தைத்தான் முதலில் விசாரிப்பார்கள். என் தாத்தா ஊருக்குப் பொதுக்கிணறு வெட்டியதையும், நாமக்கல்லில் நான் முப்பது வருடமாகப் பண்ணை நடத்துவதையும் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கும்பாபிஷேகத்தில் எனக்குப் பரிவட்டம் கட்டிய படத்தை அவள் முதுகுக்குப் பின்னால் தெரியும்படி மாட்டினேன்.

மாடியிலிருந்து அவள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள்.

"கிழவியாட்டம் எறங்காதே சாமி. நிமிந்து நட," என்றேன். இரண்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நான் கேமராவில் படாமல் சுவரோரம் உட்கார்ந்தேன். கரண்ட் இல்லாத ஊரில் தடுப்பு மருந்தை எப்படிக் கெடாமல் வைப்பாய் என்றெல்லாம் கேட்டார்கள். நன்றாகவே பதில் சொன்னாள். குடும்பத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அவர்களில் இருந்த தமிழ்ப் பெண்மணி விண்ணப்பத்தைப் புரட்டினார். உனக்கு ஏதாவது ஆனால் முதலில் தகவல் சொல்ல, ஆத்தூரிலிருக்கும் அத்தை சின்னாயியின் பெயரைக் கொடுத்திருக்கிறாயே, அப்பா அம்மா இருக்கும்போது ஏன் என்று கேட்டார்.

சின்னாயி என் தங்கை. மல்லசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த புருஷனை விட்டுவிட்டு வந்தவளை, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதன்பின் நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறாள் என்று கேள்வி. என் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால, கூட வேலை செய்யறவரோட பைக்ல போயி விழுந்துட்டேனுங்க. கால் ஒடஞ்சு பதினோரு நாள் ஆஸ்பத்திரி, ரெண்டு மாசம் அத்தை ஊட்ல. அப்பாவுக்குச் சொல்லியிருந்தா, அடி பலமான்னு கேக்கறதுக்கு முன்னால யாரோட பைக்குன்னு கேட்டிருப்பாருங்க. அத்தை ஒண்ணும் கேக்கலைங்க. வந்தாங்க."

அந்த நாட்களில் அவள் சென்னையில் பயிற்சியில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். பண்ணையாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அதை நான் பெருமையாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி கண்ணாத்தாளைப் பார்த்தேன். அவள் திடுக்கிடவில்லை. தரையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று அந்தப் பெண்மணி கேட்டார். நான் போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏதாவது ஆனா உங்க தங்கச்சிக்குத்தான் முதல்ல சொல்வோம். பின்னால வீட்ல தகராறு வந்தா எங்களால சமாளிக்க முடியாது. உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா விண்ணப்பத்தை நிறுத்திடறோம்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தை மாதம் கல்யாணம். சின்னாயியின் பெயரும் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வாயைத் திறந்தேன். கிணறும் வரவில்லை, பண்ணையும் வரவில்லை. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் என் முகம் தெரிந்தது. அதன் பின்னால் பரிவட்டம் கட்டிய முகமும் தெரிந்தது. இரண்டில் எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

"சம்மதமுங்க," என்றேன்.

திரை அணைந்தது. யாருடைய பைக் என்ற கேள்வி நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"எந்தக் காலு?"

"எடதுங்கப்பா."

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். முதல் படியில் வலது காலை ஊன்றி, நின்று, இடது காலை மெல்ல இழுத்து வைத்தாள். பிறகு அடுத்த படி. மேலே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு படிகள்.