இடது பக்க நாற்காலி

பட்டறைக்காரருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். இரண்டு நாளாக அது உச்சந்தலைக்கே ஏறியிருந்தது.

பட்டறையைப் பிரித்த நாளிலிருந்து தம்பியோடு பேச்சில்லை. ஆனாலும் அவன் பக்கவாதத்தில் விழுந்துவிட்டான் என்று கேட்டதும் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். தம்பிக்கு அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. அறைக்கதவு கட்டிலுக்கு இடப்பக்கம். நர்ஸ் அங்கேயே ஒரு நாற்காலியைக் காட்டி, "இந்தப் பக்கமே உக்காருங்க ஐயா" என்றாள். உட்கார்ந்தார். மூத்தவன் வீம்பை விட்டு வந்தாகிவிட்டது, சின்னவன்தானே முதலில் வாயைத் திறக்க வேண்டும்?

திறந்தான், மற்றவர்களிடம். வலப்பக்கம் வந்து நின்ற டாக்டரிடம் குழறிக் குழறிப் பேசினான். ஜன்னலோரம் தரை துடைக்கிற அம்மாவைக்கூட நலம் விசாரித்தான். மற்ற நேரமெல்லாம் வலப்பக்க ஜன்னல் வழியே வாசல் கேட்டை வெறித்துக்கொண்டிருந்தான். தட்டில் போட்ட சோற்றில் கூட அண்ணன் பக்கத்துப் பாதியைத் தொடவில்லை.

இன்று பக்கத்து அறையில் டாக்டர், நர்ஸ், பயிற்சி கொடுக்கும் பெண் மூவரும் அவரை உட்காரவைத்துப் பேசினார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல பராமரிப்பு இல்லத்துக்கு எழுதவா?" என்றார் டாக்டர்.

"எழுதிக்கோங்க. கை கால் விழுந்தும் அவனுக்குக் கொழுப்பு அடங்கல. ரெண்டு நாளா பக்கத்துல உக்காந்திருக்கேன், மூஞ்சியைத் திருப்பல."

பயிற்சிப் பெண் நிமிர்ந்தாள். "நீங்க பேசினீங்களா?"

"நான் ஏன் பேசணும்?"

"ஐயா, மூளையில அடிபட்டதுல அவருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியல. அங்கேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாத்தான் திரும்பப் பழகுவார். அதுக்குத்தான் அந்த நாற்காலி. சிஸ்டர் சொல்லலையா?"

"டாக்டர் சொல்லியிருப்பார்னு..." என்றாள் நர்ஸ். டாக்டர் பயிற்சிப் பெண்ணைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு உங்க கூட்டு வைத்தியம். ஆளாளுக்கு அடுத்தவங்க சொல்லியிருப்பாங்கன்னு இருந்தீங்க, நான் என் தம்பியையே கை கழுவப் பாத்தேன். ஒண்ணும் எழுதாதீங்க."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்கள் மேலும் தன் மேலும் ஆத்திரமாக வந்தது.

"டேய்."

தம்பியின் கண்கள் ஜன்னல் பக்கமே தேடின. "அண்ணனா? எங்க இருக்க?"

"இங்கடா. திரும்பு."

தலை பாதி வந்து நின்றது.

"இன்னும் திரும்புடா!"

வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். தலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கண் அவர் முகத்தில் வந்து நின்றது.

"இப்பத்தான் வர்றியா? ரெண்டு நாளா கேட்டையே பாத்துட்டு இருக்கேண்ணே."