பத்துத் தடவைக்கு மேல் கூடாது

என் தம்பி நாரிஸ் எழுதிய பாட்டுகளை இங்கிலாந்தே முணுமுணுத்தது. ஆனால் அவன் குரலில் ஒரு பாட்டுகூட வெளிவரவில்லை. அதற்குக் காரணம் நான். முப்பத்தைந்து வருஷம் அதைச் சொல்லாமல் மறைத்த பாவியும் நானேதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவனுக்கு ஹாலிஃபாக்ஸ் கம்பள மில்லில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீட்ஸுக்குப் போய், கிட்டாரோடு ஒரே ஒரு பாட்டைப் பாடி, அதை ஒரே ஒரு இசைத்தட்டில் வெட்டிப் பதிந்துகொண்டு வந்தான். வியாழக்கிழமை லண்டனில் ஒரு பாட்டுக் கம்பெனியில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். பாடகன் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

"அக்கா, இது கடையில விக்கிற தட்டு மாதிரி இல்ல. மேல்பூச்சு மெத்துனு இருக்கும், ஊசி பட்டுப் பட்டுத் தேஞ்சிடும். பத்துத் தடவைக்கு மேல கூடாதுன்னு வெட்டினவர் சொன்னாரு. நான்கூடக் கேக்கப் போறதில்ல."

"உன் தங்கத் தட்டை யாருடா தொடப்போறா!" என்றேன்.

தொட்டேன். மறுநாள் அவன் மில்லுக்குப் போனதும், ஒரு தடவைதானே என்று போட்டேன். அம்மாடி, என்ன குரல்! பெருமை தாங்காமல் எதிர்வீட்டு எட்னாவைக் கூப்பிட்டேன். அவள் சும்மா இருப்பாளா? செவ்வாய்க்கிழமை பாதித் தெரு தேநீர்க் கோப்பையோடு எங்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தது. எங்கள் பழைய பாட்டுப்பெட்டியின் ஊசியோ நல்ல கனம்.

"இன்னொரு தடவை போடு பெரில்! டிவியில வந்துட்டா உன் தம்பி நம்மளயெல்லாம் கண்டுக்குவானா?"

"நீ முதல்ல பல்லுசெட்டை மாட்டிக்கிட்டு வா எட்னா, கண்டுக்குவான்!"

சிரித்துச் சிரித்துப் போட்டோம். புதன்கிழமை பாட்டுக்குள் ஓர் இரைச்சல் கேட்டது. தூசியாக இருக்கும் என்று துடைத்து, உறையில் போட்டு வைத்துவிட்டேன். அவனிடம் மூச்சு விடவில்லை.

வியாழன் சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"என்னை வெளியில உக்கார வெச்சுட்டு, கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டாங்க. பாட்டு நல்லாருக்காம், வேற ஆளைப் பாட வெக்கிறாங்களாம். என் குரல் உருளைக்கிழங்கு பொரிக்கிற சட்டி மாதிரி இரையுதாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் அந்தப் பாட்டு வேறொருவன் குரலில் ஓகோவென்று ஓடியது. காசும் பேரும் வந்துவிட்டதே, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன். அவனோ அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் சேர்ந்து பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைப்பான்.

போன மாதம் கார்சைட் என்பவர் வந்தார். பழைய பாட்டாசிரியர்களின் ஆரம்பகாலப் பதிவுகளைத் தேடித் திரட்டுகிறவர். நாரிஸ் வெட்கப்பட்டுக்கொண்டே பரணிலிருந்து அந்தத் தட்டை எடுத்துக் கொடுத்தான். கொண்டுவந்திருந்த கருவியில் அவர் அதைப் போட்டார். ஒரே இரைச்சல். அதற்கு அடியில், எங்கேயோ, என் தம்பி பாடிக்கொண்டிருந்தான்.

"குரல் அருமையா இருக்கு சார்," என்றார் அவர். "தட்டுதான் தேஞ்சுபோச்சு. நாப்பது தடவையாவது போட்டிருப்பாங்க."

"இருக்காதே. நான் ஒரு தடவைகூட..." என்று ஆரம்பித்த நாரிஸ் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"நான்தாண்டா," என்றேன். "நீ லண்டன் போறதுக்கு முன்னாடி, தெருவுக்கே போட்டுக் காட்டினேன்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"அவங்களுக்குப் பிடிச்சிருந்துதா?" என்று கேட்டான்.

"எட்னா அழுதுட்டாடா. திரும்பத் திரும்பப் போடச் சொன்னாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"என் குரல்தான் மோசம்னு நெனச்சேன் அக்கா. பெத்த பொண்ணுக்கு ஒரு தாலாட்டுகூடப் பாடலியே."