பச்சைத் தண்டு

தக்காளிப் பூவுக்கு வெட்கமே கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள். சும்மா விட்டால் தன் மகரந்தத்தைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டு காய்த்துவிடும். கலப்பு விதை விற்கும் கம்பெனிக்கு அந்த விதை குப்பை. அதனால் மொட்டு விரியும் முன்பே இடுக்கியால் மகரந்தப் பைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வேறு ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும். தடவியதற்கு அடையாளமாகப் பூவின் அடியிலுள்ள பச்சை இதழ்களில் இரண்டைக் கத்தரித்துவிடுவார்கள். வெட்டுள்ள பழம்தான் விதைக்கு. மற்றதெல்லாம் உரக்குழிக்கு.

அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் அந்தக் கம்பெனியின் கண்ணாடிக் கூடாரத்தில் அடுத்தடுத்த வரிசையில் வேலை பார்த்தார்கள். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. பார்த்துக்கொண்டிருந்த ஆயா இந்த அறுவடையோடு நின்றுவிடுவதாகச் சொல்லிவிட்டாள். இனி யாராவது ஒருத்தி வீட்டோடு இருந்து அவருக்குப் பீ மூத்திரம் அள்ள வேண்டும். கம்பெனிச் சோதனையில் யார் விதை சுத்தமோ அவள் வேலைக்குப் போகட்டும் என்று அண்ணனும் தம்பியும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பெற்ற பிள்ளைகள் தாங்கள் இருக்கலாமே என்று அந்த மகானுபாவர்களுக்குத் தோன்றவே இல்லை.

மூத்தவள் கிழவர் அறைப் பக்கமே போக மாட்டாள். கிட்டே வருகிறவர்கள் முகத்திலேயே அவர் காறித் துப்புவார். இளையவள் கையோ படு சுத்தம். ஆனாலும் எந்தக் கைக்கும் தப்பிய பூக்கள் இருக்கத்தானே செய்யும்? எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மூத்தவள் இளையவளின் வரிசையில் புகுந்து, தானாகக் காய்த்த பிஞ்சுகளையெல்லாம் தேடித் தேடி இரண்டிரண்டு இதழ் நறுக்கினாள். இனி நல்லது எது, கெட்டது எது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

"செத்தேடி நீ" என்று முணுமுணுத்தாள். மனசு குளுகுளுவென்று இருந்தது.

பழம் சிவக்கத் தொடங்கியதும் சூப்பர்வைசர் வந்தார்.

"இனிமே உன் ஓரகத்தி வரிசை உனக்கும்மா. உன்னோடது அவளுக்கு. பறிக்கிறவங்க பேர்லதான் விதை போகும். உனக்கு முதுகு வலியாமே? அது வாசல் பக்கம், கூடை தூக்க சுலபம்னு அவதான் கெஞ்சிக் கேட்டா."

"எனக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்!"

"சும்மா பிகு பண்ணாதே. இப்படி ஒரு ஓரகத்தி யாருக்குக் கிடைப்பா?"

உண்மையைச் சொன்னால் வேலை அப்போதே போய்விடும். வெட்டுள்ளதை எறிந்தால் கூடை காலி. தான் நறுக்கிய பழங்களைத் தானே பறித்தாள். பிழிந்து, கழுவி, காயவைத்துக் கொடுத்தாள்.

கொஞ்சம் விதையை எடுத்துச் சோதனைத் தட்டில் முளைக்கப் போட்டார்கள். கலப்பு விதை என்றால் நாற்றுக்கு ஊதாத் தண்டு. தானாகக் காய்த்தது என்றால் பச்சை. இளையவள் தட்டு முழுக்க ஊதா. மூத்தவள் தட்டில் திரும்பின பக்கமெல்லாம் பச்சை.

"நாளையிலிருந்து வராதே" என்றார் சூப்பர்வைசர்.

வீட்டுக்குப் போகும் வழியில் மூத்தவள் பொருமினாள். "அடிப்பாவி, தெரிஞ்சேதான் மாத்தினியா?"

"அன்னிக்குச் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டேன்னு எடுக்கத் திரும்பி வந்தேன்க்கா. என் வரிசையில கத்தரிக்கோலும் கையுமா நின்னீங்க."

"அப்பவே அதையெல்லாம் பிடுங்கிப் போட்டிருக்கலாமேடி!"

"போட்டிருக்கலாம்" என்றாள் இளையவள்.

மறுநாள் காலை அவள் தலைவாரி, இடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே கிழவர் கெட்ட வார்த்தையில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூத்தவள் துணியும் வாளியுமாக அறை வாசலில் நின்று ஓவென்று அழுதாள்.

"அழுதுகிட்டே நிக்காதீங்கக்கா" என்றாள் இளையவள், செருப்பை மாட்டியபடி. "மாமாவை அப்பப்போ திருப்பிப் போடணும். இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துடும்."